சுவருக்கு வெண்மை, தரைக்கு வண்ணம்



ரமளான் நெருங்குகிறதென்றால் நம் வீடுகளில் முதலில் அசைவது சுண்ணாம்புத் தொட்டிதான். சுவர் வெளுக்கப்படும், பாய்கள் வெயில் காணும், கூடத்துத் தரை தேங்காய் நார் கொண்டு தேய்த்துக் கழுவப்படும். நோன்பையும் பெருநாளையும் வரவேற்க நம் வீட்டு மூதாட்டியர் செய்துவந்த அலங்காரம் ஏறத்தாழ இவ்வளவே. வெண்சுவரும் கோரைப் பாயும் ஏழ்மையின் அடையாளங்கள் என்று இன்று பலர் எண்ணத் தலைப்பட்டுள்ளனர். அவ்வெண்ணம் சரியன்று என்பதை எடுத்துரைப்பதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். புதுவீடு கட்டி முடிந்துவிட்டது. கணவர் அயல்நாட்டில் உழைக்கிறார். நான்கு மாதங்களில் மகளுக்கு நிக்காஹ். கையிலிருந்த தொகை கட்டடத்திலேயே கரைந்து போயிற்று. கூடத்துச் சுவருக்குப் பூப்போட்ட தாள், மேலே பொய்க்கூரை, அதனுள் வண்ண விளக்குகள், ஒரு பெரிய சோபா, கண்ணாடி அலமாரி நிறைய அலங்காரப் பொருட்கள் ஆகியவை இன்றிச் சம்பந்தி வீட்டாரை எவ்வாறு வரவேற்பது என்று சுற்றத்தார் கேட்கின்றனராம். கழுத்து நகையை அடகு வைத்தால் வேலை முடிந்துவிடும். வைக்கலாமா என்பது அவருடைய வினா.

வேண்டாம், சகோதரி. வட்டி வாங்குபவரை மட்டுமின்றி, கொடுப்பவரையும், கணக்கு எழுதுபவரையும், சாட்சி நிற்பவரையும் சேர்த்தே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சபித்தார்கள் என்று முஸ்லிம் நூலில் ஹதீஸ் பதிவாகியுள்ளது. சுவரில் ஒட்டும் தாளுக்காக அந்தப் பட்டியலில் நம் பெயரைச் சேர்த்துக் கொள்ள வேண்டியதில்லை. ஆயினும், இத்தாயின் கவலையை நான் எளிதாக ஒதுக்கிவிடவும் மாட்டேன். கூடம் வெறுமையாகத் தோன்றினால் தாழ்வு தமக்கன்று, மகளுக்கே என்று அவர் அஞ்சுகிறார். பெண்ணைப் பெற்றோருக்கு இவ்வச்சம் எத்துணைக் கனமானது என்பதை நம்மில் அறியாதார் யார்? அந்தக் கூடத்தைக் கடனின்றியே கண்ணுக்கு நிறைவாக ஆக்க முடியும். அதற்கான வழி நம் மார்க்கத்திலும் உண்டு. நம் மண்ணிலும் உண்டு.

இஸ்லாம் அலங்காரத்திற்குப் பகை என்று சிலர் கருதுகின்றனர். அது பிழை. அடியார்களுக்காக இறைவன் அருளிய அலங்காரத்தைத் தாமாகவே விலக்கிக் கொள்வோரை அல்அஃராஃப் அத்தியாயம் கண்டித்து வினவுகிறது. அதற்கு முந்தைய வசனமோ விரயத்தைத் தடுக்கிறது. அழகுக்கு அனுமதியும் விரயத்திற்குத் தடையும் திருமறையில் அடுத்தடுத்து நிற்பதைக் கவனியுங்கள். அந்நஹ்ல் அத்தியாயம் வீட்டை நாம் அமைதி பெறும் இடமாகக் குறிப்பிடுகிறது. சுவனத்து இல்லங்களை வருணிக்கும்போது அர்ரஹ்மான் அத்தியாயம் பச்சை நிறத் திண்டுகளையும் அழகிய விரிப்புகளையும் கூறுகிறது. அல்காஷியா அத்தியாயம் வரிசையாய் வைக்கப்பட்ட தலையணைகளையும் விரிக்கப்பட்ட கம்பளங்களையும் கூறுகிறது. வண்ணமும் வேலைப்பாடும் இங்கெல்லாம் எங்கே அமைந்திருக்கின்றன? சாய்கின்ற இடத்திலும் அமர்கின்ற இடத்திலும்.

இனி, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றை நோக்குவோம். அண்ணலார் வெளியூர் சென்றிருந்த சமயம், அன்னையார் உருவங்கள் பொறித்த திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். திரும்பி வந்த நபிகளார் அதனை வெறுத்து அகற்றினார்கள். கல்லுக்கும் களிமண்ணுக்கும் ஆடை உடுத்துமாறு அல்லாஹ் நமக்குக் கட்டளையிடவில்லை என்ற கருத்தில் அவர்கள் கூறியதாக முஸ்லிம் நூலின் அறிவிப்பு ஒன்றில் காண்கிறோம். அன்னையார் அத்துணியை எறிந்துவிடவில்லை. வெட்டி, ஈச்ச நார் அடைத்து, இரண்டு தலையணைகளாகச் செய்து கொண்டார்கள். அதனை நபிகளார் குறை கூறவில்லை. இந்த ஹதீஸிலிருந்து உருவப்படங்களைப் பற்றிய சட்டங்களை மார்க்க அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். அந்த ஆய்வு இப்பக்கத்திற்கு உரியதன்று. இல்லத்தரசி என்ற முறையில் நாம் கண்டுகொள்ள வேண்டிய ஒன்று இதில் உண்டு. சுவர்ப்புறத்தில் ஏற்கப்படாத அதே துணி, சாய்மானத்திற்கு வந்தபோது பயனுள்ள பொருளாயிற்று. கண்ணுக்கு நேரே நின்று கவனத்தை இழுத்தது, முழங்கைக்குக் கீழே சென்று உடலுக்கு இதமளித்தது.

இதிலிருந்து நான் பெறும் விதி ஒன்றுதான். வேலைப்பாட்டைத் தரைக்கும் விரிப்புக்கும் சாய்மானத்துக்கும் கொடுங்கள். சுவரை அமைதியாக விட்டுவிடுங்கள். இன்று நாம் செய்வது நேர்மாறு. தரையை வெறும் பளபளப்பான வெள்ளைக் கல்லாக்கிவிட்டு, சுவரை ஓர் அங்குலமும் விடாமல் நிரப்புகிறோம்.

வடிவங்களை உருவமின்றி அழகுபடுத்தும் கலையை நாம் அரபு நாட்டிலிருந்தோ துருக்கியிலிருந்தோ கடன் வாங்க வேண்டிய நிலையில் இல்லை. கீழக்கரையின் பழைய ஜும்ஆப் பள்ளியையும் காயல்பட்டினத்துப் பழம்பள்ளிகளையும் கண்டோர் அறிவர். தமிழகக் கற்றச்சர்களின் மரபிலேயே எழுந்த கற்றூண்கள் அவை. தாமரை உண்டு, கொடி உண்டு, கட்டங்களும் வட்டங்களும் உண்டு, மனித உருவமோ விலங்குருவமோ இல்லை. தென்னிந்தியப் பள்ளிவாசல்களின் கட்டடக் கலை குறித்து மெஹர்தாத் ஷொகூஹி எழுதி 2003ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வு நூல் இவ்வூர்ப் பள்ளிகளை விரிவாகப் பேசுகிறது. அயலார் வந்து அளந்து எழுதிச் செல்லும் தூண்களுக்கு நாம் எண்ணெய் வர்ணம் பூசி மெழுகுவது வேறு கதை. அதனைப் பிறிதொரு முறை பேசுவோம்.

சுவரிலிருந்து தொடங்குகிறேன். கடற்கரை ஊர்களில் காற்றிலும் மண்ணிலும் உப்பு மிகுதி. சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியேற வழி தேடும். எண்ணெய் வர்ணம் அவ்வழியை அடைத்துவிடுவதால் சில மாதங்களிலேயே கொப்புளித்து உரியும். தாள் ஒட்டினாலோ பசை இளகி, உட்புறம் பூசணம் படரும். வெளியே பூ, உள்ளே பூசணம். சுண்ணாம்பு அப்படியன்று. அது ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தாது. அதன் காரத்தன்மையால் பூசணமும் எளிதில் அண்டாது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு கிடைக்கும் ஊராயின் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். தொட்டியில் நீரூற்றி நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும்; பிள்ளைகளை அப்பக்கம் விடாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. நன்கு ஊறியபின் துணியில் வடிகட்டி, சிறிது நீலமும் சிறிது பசையும் சேர்த்து, சுவரை நனைத்துவிட்டுப் பூச வேண்டும். ஒரே பூச்சில் கனமாக அப்புவதைக் காட்டிலும், மெல்லிதாக இரண்டு மூன்று முறை பூசுவதே நிற்கும். முன்பே எண்ணெய் வர்ணம் பூசிய சுவரில் சுண்ணாம்பு பற்றாது. சுரண்டிய பின்னரே பூச இயலும். கடிதம் எழுதிய சகோதரியின் வீடு புதியது. சிமெண்டுப் பூச்சின் ஈரமே இன்னும் முற்றாக வெளியேறியிராது. ஆகவே இந்த ஆண்டு சுண்ணாம்பே பூசுங்கள். செலவைத் தள்ளிப்போடும் சாக்கு என்று எவரேனும் சொன்னால், கட்டடம் அறிந்த கொத்தனாரைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெண்மை மட்டும் போதாது, சற்றே நிறம் வேண்டும் என்போர் சுண்ணாம்பிலேயே மஞ்சட்காவியோ செங்காவியோ சிறிதளவு கலக்கலாம். மண்ணிலிருந்து கிடைக்கும் இந்நிறங்கள் சுண்ணாம்பின் காரத்திற்கு ஈடுகொடுத்து நிற்கும். மற்றச் சாயப்பொடிகள் பல வெளுத்துவிடும். மேற்கு வெயில் வாங்கும் அறைக்கு நீலமோ பசுமையோ கலந்த வெளிர்நிறம் கண்ணுக்குக் குளிர்ச்சி. உட்கட்டுகள் நீண்டு, ஒளி குறைந்த பழைய வீடுகளுக்கு வெண்மையை விஞ்சியது வேறில்லை. முற்றத்தில் விழும் வெளிச்சத்தைக் கைமாற்றிக் கைமாற்றி உள்ளறை வரை கொண்டு சேர்ப்பவை வெண்சுவர்களே.

பச்சையைப் பற்றி ஒரு சொல். முஸ்லிம் வீடென்றால் சுவர் பச்சையாக இருத்தல் வேண்டும் என்று எந்த நூலும் விதிக்கவில்லை. அடர்ந்த பச்சை எண்ணெய் வர்ணம் நான்கு சுவரிலும் பூசிய கூடத்தில் அமர்ந்திருப்போர் அனைவரும் காய்ச்சல் கண்டவர் போல் தோன்றுவர். பச்சை உங்களுக்கு உவப்பானதாயின், அர்ரஹ்மான் அத்தியாயம் காட்டும் இடத்திலேயே அதனை வையுங்கள், திண்டிலே.

கிப்லாத் திசையிலுள்ள சுவர் தனிக் கவனத்திற்கு உரியது. நம் பெண்கள் ஐவேளைத் தொழுகையையும் பெரும்பாலும் வீட்டிலேயே தொழுகின்றனர். வேலைப்பாடு நிறைந்த ஓர் ஆடையை அணிந்து தொழுத நபிகளார், தொழுகையில் தம் கவனத்தை அது ஈர்த்ததாகக் கூறி, அதனை அபூ ஜஹ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்தனுப்பி, வேலைப்பாடற்ற ஆடையை அவரிடமிருந்து பெற்றுவரச் செய்தார்கள் என்று புகாரி நூல் கூறுகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வீட்டின் ஒரு பக்கத்தை மறைத்திருந்த திரையை, தொழுகையில் அதன் உருவங்கள் குறுக்கிடுவதால் அகற்றச் சொன்ன செய்தியும் அதே நூலில் உள்ளது. அண்ணலாரின் கவனத்தையே ஒரு துணியின் கரை ஈர்க்குமாயின், நம் கதி என்ன? மினுக்கும் விளக்குடைய கடிகாரம், முகம் காட்டும் கண்ணாடி, நாட்காட்டி எதுவும் அச்சுவரில் வேண்டாம். தொழும் இடத்துக்கு எளிய விரிப்பே ஏற்றது. கஃபாவின் படத்தைப் பல வண்ணத்தில் நெய்த முஸல்லாக்களை ஹஜ்ஜுக்குச் சென்று வருவோர் அன்போடு கொணர்ந்து தருகின்றனர். வாங்கிக் கொள்ளுங்கள், நன்றி கூறுங்கள். நாள்தோறும் ஸுஜூது செய்வதற்கு வேலைப்பாடில்லாத ஒன்றைத் தனியே வைத்துக் கொள்ளுங்கள்.

சட்டமிட்ட திருவசனங்கள் குறித்தும் பலர் கேட்பதுண்டு. அரபு எழுத்தணிக் கலை நம் சமுதாயத்தின் பெருமைக்குரிய செல்வம். கூபி, நஸ்க், துலுத் என எழுத்து வகைகள் பல. கஃபாவின் கிஸ்வாவில் பொன்னிழையால் தைக்கப்படுவது துலுத் வகை எழுத்தே. அத்தகைய நல்லெழுத்தில் ஒன்றே ஒன்று, தூசி படியாத இடத்தில் இருந்தால் போதும். ஒரே கூடத்தில் ஆயத்துல் குர்ஸீ மூன்று சட்டங்களில் தொங்குவதையும், அவற்றின் கீழே தொலைக்காட்சி முழங்குவதையும் நீங்களும் கண்டிருப்பீர்கள்.

தரைக்கு வருவோம். இங்கேதான் கைக்குத் தாராளம் தரலாம். காரைக்குடிக்கு அருகிலுள்ள ஆத்தங்குடியில் செய்யப்படும் தரைக்கற்களை அறியாதார் இலர். அவை சூளை காணாதவை என்பது பலருக்குத் தெரியாது. கண்ணாடித் துண்டின் மேல் உலோக அச்சை வைத்து, அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் கூழை ஊற்றுவர். அச்சை மெல்ல எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, ஈரக் கலவையை நிரப்பி அழுத்துவர். பிறகு நீரில் ஊறவைத்து உலர்த்தினால் கண்ணாடி தானே விலகும். கண்ணாடியைத் தொட்டிருந்த முகமே நாம் மிதிக்கும் பளபளப்பு. நான்கு கற்கள் சேர்ந்தால்தான் பூ ஒன்று முழுமையாகும் வகையில் அமைந்தவை பல. வீடு முழுவதும் பரப்பத் தேவையில்லை. வாயிலைக் கடந்ததும் ஒரு பாய் அகலத்திற்கு, அல்லது கூடத்தைச் சுற்றி ஒரு கரையாக இட்டு, நடுவே சிவப்புச் சிமெண்டுத் தரை விட்டால் போதும். இது சிமெண்டுக் கல்லாதலால் அமிலம் கலந்த தரைக் கழுவிகளை ஊற்றக்கூடாது. வெறும் நீரால் கழுவி, இடைக்கிடை தேங்காயெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்தால் ஆண்டுகள் செல்லச் செல்ல மெருகு ஏறுமேயன்றிக் குறையாது.

தரை முன்பே போட்டாயிற்று, மாற்ற வழியில்லை என்போர் விரிப்பால் அக்குறையை நீக்கலாம். விருந்து நாட்களில் நம் வீடுகளில் ஜமக்காளம் விரித்து, நடுவே சுப்ரா இட்டு, சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் வழக்கம் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் இன்றும் உண்டு. பவானி ஜமக்காளத்தின் அடர்ந்த நிறக் கோடுகள் ஒரு பெரிய கூடத்தை நொடியில் விருந்துக் கூடமாக மாற்றிவிடும். சம்பந்தி வீட்டார் வரும் நாளில் இரண்டு நல்ல ஜமக்காளங்களும் சுவரோரம் பத்துத் திண்டுகளும் இருந்தால், எந்தச் சோபாவும் தர முடியாத எண்ணிக்கையில் மக்களை அமர்த்தலாம். சோபாவில் அறுவர் அமர்வர், மற்றவர் நிற்பர்.

கணவருக்கு ஒரு விரிப்பு, மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நான்காவது ஷைத்தானுக்கு என்ற கருத்தில் ஒரு ஹதீஸ் உண்டு. தேவைக்கு மேல் அடுக்குவதைப் பற்றிய எச்சரிக்கை அது. அதில் விருந்தினர் மறக்கப்படவில்லை என்பதையும் பாருங்கள்.

திண்டுறைகளுக்குக் கடைத் துணி தேடி அலைய வேண்டாம். நம் வீட்டு ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலித் துணியே போதும். பழவேற்காட்டிலிருந்து கப்பலேறிக் கீழை நாடுகளுக்குச் சென்ற துணி மரபு அது. மலாய் மக்கள் இன்றும் அவ்வகைக் கைலியைப் பழவேற்காட்டின் பெயரால்தான் பலேகாட் என்று வழங்குகின்றனர். கட்டம் பெரிதாக உள்ள துணியைத் திண்டுக்கும் சிறிதாக உள்ளதைத் தலையணைக்கும் வையுங்கள். கூடத்தில் கோடும் கட்டமும் பூவும் ஒன்றாய்க் கலந்தால் சந்தைக்கடை ஆகிவிடும். கோடும் கட்டமும் இணங்கிப் போகும். பூவை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். நிறப்பொருத்தத்திற்கு எளிய வழி ஒன்று சொல்கிறேன். விரிக்கப்போகும் பாயின் அல்லது ஜமக்காளத்தின் கரையில் உள்ள நிறங்களைப் பாருங்கள். அவற்றுள் ஒன்றே திண்டுறையிலும் இடம்பெறட்டும். நீலம் பாய்ந்த வெள்ளொளி விளக்கின் கீழ் சிவப்பு மங்கிப் போகும். துணி எடுக்கும்போது கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டு வந்து பாருங்கள்.

வண்ணமே இல்லாத அலங்காரம் ஒன்றும் உண்டு. சன்னலின் பின்னல்தான் அது. கெய்ரோவிலும் ஜித்தாவிலும் பழைய வீடுகளின் மரப்பின்னல் சாளரங்களை மஷ்ரபிய்யா என்பர். உள்ளிருப்போர் வெளியே காணலாம், வெளியிலிருப்போர்க்கு உள்ளே தெரியாது, காற்றுக்கோ தடையில்லை. நம் ஊர்த் தச்சரும் இதனைச் செய்வார். ஒரு சதுரத்தின் மேல் அதே அளவுள்ள மற்றொரு சதுரத்தை மூலை திருப்பி வைத்தால் எட்டு முனை விண்மீன் பிறக்கும். கவராயமும் அளவுகோலும் இருந்தால் போதும். மரம் கட்டுபடியாகாதெனில் சிமெண்டு ஜாலிக் கற்கள் உள்ளன. காலையில் சுவரருகே விழும் நிழற்பின்னல் நண்பகலில் சன்னலடியில் ஒடுங்கி விடும். பூப்போட்ட தாளுக்கு இந்த நடமாட்டம் ஏது? பழைய வீட்டை இடிப்போர் தேக்குக் கதவையும் நிலையையும் பழம்பொருள் வியாபாரிக்குக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, புது வீட்டுக்கு அச்சில் வார்த்த பூவேலைக் கதவு வாங்குகின்றனர். உங்கள் குடும்பத்தில் அப்படி ஏதேனும் நடக்கவிருந்தால், சகோதரிகளே, தயவுசெய்து குறுக்கே நில்லுங்கள்.

கடைசியாகப் பாய். இதனைக் கடைசியில் வைத்தது சிறப்புக் கருதியே. அனஸ் (ரலி) அவர்களின் பாட்டியார் முலைக்கா (ரலி) அவர்கள் நபிகளாரை விருந்துக்கு அழைத்தார்கள். உணவு முடிந்ததும் அண்ணலார் அவ்வீட்டாருக்குத் தொழுகை நடத்த எழுந்தார்கள். நீண்டகாலப் பயன்பாட்டால் கருத்துப் போயிருந்த பாய் ஒன்றை எடுத்து, அனஸ் (ரலி) அவர்கள் நீர் தெளித்தார்கள். அதன் மீதே தொழுகை நடைபெற்றது. புகாரி நூலில் இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது, எந்த வீட்டுக் கூடத்தையும் குறித்து நாணப்பட நமக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும்.

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மாதேவிக்கு அருகே பத்தமடை என்னும் ஊர் உள்ளது. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கொண்டு அங்கே பாய் நெய்வோருள் பெரும்பாலோர் நம் முஸ்லிம் சகோதரிகளே. பச்சைக் கோரையை அறுத்து வந்து, கிழித்து, வெயிலில் உலர்த்துவர். மெல்லிய பாய்க்குரிய கோரையை ஓடும் நீரில் சில நாட்கள் ஊறவிட்டு, அது பருத்து வந்ததும் மீண்டும் உலர்த்தி, நூலினும் நுண்ணிய இழைகளாகப் பிளப்பர். பருத்தி நூலையோ பட்டு நூலையோ பாவாக இழுத்து, கோரை இழையை ஊடாகக் கோத்துத் தட்டித் தட்டி நெய்வர். உயர்ந்த வகைப் பாயொன்றுக்கு வாரக்கணக்கில் குனிந்து அமர்ந்திருத்தல் வேண்டும். அது துணியைப் போல் மடியும். ஆதலின் பட்டுப்பாய் என்று பெயர் பெற்றது. நடுவில் கோரையின் இயல்பான வெளிர்நிறமும், கரைகளில் சிவப்பும் பச்சையும் கருமையுமாய்க் கோடுகளும் அமையும். முற்காலத்தில் பதிமுகம் என்ற மரக்கட்டையை வேகவைத்துச் செஞ்சாயம் எடுத்தனர். இப்போது பெரும்பாலும் கடைச்சாயமே. மணமக்களின் பெயரைப் பாயிலேயே நெய்து தருவதும் அவ்வூர் வழக்கம்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. நெய்பவரின் கூலிக்கு வந்ததா என்பது வேறு வினா. விசைத்தறிப் பாயும் பிளாஸ்டிக் பாயும் மலிந்துவிட்ட சந்தையில், வாரக்கணக்கில் நெய்த பாய்க்கு உரிய விலை கேட்டால் வாங்குவோர் முகம் சுளிக்கின்றனர். தாய் நெய்கிறாள், மகளுக்கு அத்தொழில் வேண்டாம் என்கிறாள். நம் வீட்டுத் திருமணங்களில் கண்ணாடி அலமாரிக்கும் அதனுள் வைக்கும் பொருட்களுக்கும் செலவாகும் தொகையில் ஒரு பகுதி இத்தறிகளுக்குப் போனால், எந்தக் கையை அது சென்று சேரும் என்பதை நினைத்துப் பாருங்கள். பேரம் பேசுவது குற்றமன்று. ஆயினும் பாய்க்காரம்மாளிடம் நூறு ரூபாய்க்கு வாதாடிவிட்டு, பொய்க்கூரைக்காரர் நீட்டிய கணக்கில் வாய் திறவாமல் கையெழுத்திடும் வழக்கத்தை நான் ஒருபோதும் புரிந்துகொண்டதில்லை.

ஆகவே, அந்தச் சகோதரிக்கு என் யோசனை இது: இந்த வாரமே பத்தமடைக்குச் சொல்லியனுப்புங்கள். மகள் பெயரும் மருமகன் பெயரும் பொறித்த பட்டுப்பாய் ஒன்று, கூடத்துக்குச் சாதாரண வகையில் நான்கு. உயர்ந்த வகைக்கு நாள் பிடிக்கும். நிக்காஹுக்கு முந்தைய மாதம் போய்க் கேட்டால் கிடைக்காது. பெயர்களைத் தமிழில் தெளிவாக எழுதிக் கொடுங்கள். நெய்த பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. முடிந்தால் நெய்பவரிடமே நேரில் வாங்குங்கள். கைநெசவா என்று ஐயமிருந்தால் கரையை உற்றுப் பாருங்கள்; இழைக்கு இழை மிகச் சிறிய வேறுபாடு தென்படும். பிளாஸ்டிக்கில் அது இராது.

வாங்கிய பாயைக் காப்பதும் எளிதே. ஈரத்தோடு சுருட்டினால் பூசணம் பிடிக்கும். பால் சிந்தினால் உடனே ஈரத் துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் சாயம் வெளுக்கும், கோரையும் முறியும். சவர்க்கார நீரில் ஊறவைக்க வேண்டாம். துணிபோல் மடியும் என்பதற்காக ஒரே இடத்தில் நாள்தோறும் மடிக்காதீர்கள், சுருட்டி நிறுத்தி வையுங்கள். கரை நூல் பிரியத் தொடங்கினால் அன்றே துணிப்பட்டி வைத்துத் தைத்துவிடுங்கள். ஒரு விரற்கடை பிரிந்துவிட்டால் கோரை வரிசையாகக் கழன்று வந்துவிடும்.